பேர் எடுத்தாச்சு

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, ஹட்டனிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாவலக்கந்தைத் தோட்டத்தின் கலாசார மண்டபத்தில் மூத்தோருக்கான நடமாடும் சேவை நடைபெற்றது. அறுபது வயதைக் கடந்த நூற்று நாற்பத்தாறு பேர் பதிவு செய்துகொண்டார்கள். மண்டபத்துக்குள் ஐந்து மேசைகள் போடப்பட்டிருந்தன.

முதல் மேசை மூத்தோர் அடையாள அட்டைக்கு. இரண்டாவது கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும். மூன்றாவதில் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும். நான்காவதில் மாதாந்த உதவிக்கான விண்ணப்பம். இந்த நான்குக்கும் நின்ற வரிசை வாசலைத் தாண்டித் தண்ணீர் பிடிக்கும் பீலி வரைக்கும் போயிருந்தது. ஐந்தாவது மேசையில் ‘முதியோர் இல்ல அனுமதி’ என்று எழுதிய அட்டை நின்றது. பத்தரை மணிவரை அதன் முன்னால் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் ஒருவரும் உட்காரவில்லை. கண்ணாடி வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் குடைகளை அதில் வைத்திருந்தார்கள்.

பத்தரைக்கு அழகன் அந்தக் குடைகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வயது எழுபத்துமூன்று. முப்பத்தெட்டு வருடம் தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மனைவி இறந்து மூன்று வருடம். இடது இடுப்பு சரியில்லை. உட்காரும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் அப்ரா, அபிவிருத்தி உத்தியோகத்தர், ஹட்டன் நகரத்துப் பெண்.

“ஐயா, கண்ணாடி அந்தப் பக்கம்,” என்றார்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது மிஸ். இந்த மேசைக்குத்தான் வந்தேன்.”

அப்ரா ஒரு படிவத்தை எடுத்தார். அன்றைக்கு அதுதான் முதல் படிவம்.

“முழுப்பேர் சொல்லுங்க.”

“முழுப்பேரா? அது வாங்கிப் பதிமூணு வருசமாச்சே மிஸ்.”

கண்ணாடி வரிசையில் சிரிப்பு எழுந்தது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. காலையிலிருந்து மாலைவரை குறித்த அளவு வேலை முடித்தால் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்குப் பேர் வெட்டுவார்கள். அப்ரா இந்தத் தோட்டங்களில் நான்கு வருடம் வேலை செய்தவர். அவரும் சிரித்தார்.

வரிசையில் நின்ற ராசம்மா சும்மா இருக்கவில்லை. அழகன் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர்.

“அண்ணனுக்குக் கடைசில அரைப்பேருதான் போட்டாங்க மிஸ், ஸ்டோர்ல தூங்கி வழிஞ்சாரு. அழகண்ணே, என்னா அந்த மேசையில? காம்பரா பத்தலையோ? பங்களா கேக்குறீங்களோ?”

“ஆமா,” என்றார் அழகன் திரும்பாமல். “கக்கூஸு உள்ளுக்க இருக்குற பங்களா.”

இன்னொரு சிரிப்பு எழுந்தது. பிறகு வரிசை நகர்ந்தது.

அப்ரா படிவத்தின்படி கேட்டார். வீட்டில் யார் யார்? மகன் விஜிதரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், மருமகள் வினோதா கொழுந்து எடுக்கிறாள், வேறு யாரும் இல்லை. சாப்பாடு கிடைக்கிறதா? கிடைக்கிறது. அடிக்கிறார்களா, ஏசுகிறார்களா?

“அப்புடி ஒண்ணும் இல்ல மிஸ். மருமக தங்கமான புள்ள. காலையில சோறாக்கி வச்சிட்டுத்தான் மலைக்குப் போகும்.”

“அப்ப என்ன காரணம்னு நான் எழுத? இதுல கைவிடப்பட்டவர்னு இருக்கு, துன்புறுத்தப்பட்டவர்னு இருக்கு, பார்க்க ஆளில்லாதவர்னு இருக்கு.”

அழகன் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

“கக்கூஸுன்னு எழுதுங்க.”

அவர் அதை விளக்கினார். லயத்தின் கடைசி அறை அவருடைய காம்பரா. கழிப்பறை கீழே. நடுவில் மண்ணில் வெட்டிய இருபத்தேழு படி. வினோதா காலை ஏழு மணிக்கு வேலையாட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனால் மாலை நாலரைக்குத்தான் வருவாள். போன ஒக்டோபரில் ஒரு தடவை விழுந்தார். தைப்பொங்கல் வாரத்தில் இன்னொரு தடவை. இரண்டாவது தடவை காலை ஒன்பது மணிக்கு விழுந்தார். அன்று மழை. லயத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நாலரை மணிக்கு வினோதா வந்து தூக்கினாள். அவர் இதை வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். அப்ரா ‘வேறு’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டுப் பக்கத்தில் ஐந்து வரி எழுதினார்.

“இல்லம் நானுஓயாப் பக்கம் இருக்கு ஐயா. ஒரு தர்ம சங்கம் நடத்துறது. ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மிஸ். என்னோட ஸ்டோர்ல இருந்த கணேசமூர்த்தி அங்கதான் இருந்தான். பாக்கப் போயிருக்கேன். கட்டில்ல இருந்து கக்கூஸு வரைக்கும் செவத்துல கம்பி அடிச்சிருக்காங்க. பச்சை பெயிண்ட்டு. அதப் புடிச்சிக்கிட்டே போயிறலாம்.”

“அவர் இப்ப?”

“போன வருசம் போய்ச் சேந்துட்டான்.”

“ஆண்கள் பக்கம் பன்னிரண்டு கட்டில்தான். காலியானா கமிட்டி கூடி, லிஸ்ட்ல யாருக்கு ரொம்பத் தேவைன்னு பார்த்து ஒருத்தரத் தெரிவு செய்வாங்க.”

“காலியாகுறதுன்னா?”

“யாராவது வீட்டுக்குத் திரும்பிப் போனா.”

“அப்புடிப் போனவங்க இருக்காங்களா மிஸ்?”

அப்ரா படிவத்தில் திகதியை எழுதினார். பிறகு தொலைபேசி இலக்கம் கேட்டார். அழகனிடம் போன் இல்லை. வினோதாவின் போன் அவளோடு மலைக்குப் போகும், அங்கே சிக்னல் கிடையாது. அழகன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடைச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். தோட்டத்துச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரிஸ்வியின் இலக்கம் அதில் அச்சிட்டிருந்தது. லயத்து ஆட்கள் பலருக்கும் அந்த இலக்கத்தில்தான் அழைப்பு வரும். அப்ரா அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

செய்தி அவருக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. வினோதா அன்று வீட்டுக்கு வந்தபோது கூடையைக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

“மாமா, ராசம்மாக்கா சொல்றது உண்மையா?”

“உண்மைதான்.”

“நான் என்னா கொறை வச்சேன்?”

“ஒரு கொறையும் இல்ல.”

“அப்ப ஏன்? சனம் என்னா பேசும்? கெழவன ஹோமுல போட்டுட்டு மருமக நிம்மதியா இருக்கான்னுதான பேசும். பெரட்டுல நான் எப்புடி மூஞ்சி காட்டுறது?”

“நானாத்தான் பேர் குடுத்தேன்னு சொல்லு.”

“அத யாரு நம்புவா?”

வினோதா கூடையைக் கழற்றி முன் திண்ணையான இஸ்தோப்பில் வைத்தாள். பால் விடாத சாயத் தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இரவு விஜிதரனுக்குப் போன் எடுத்து அழுதாள். அவன் தகப்பனிடம் கொடுக்கச் சொன்னான்.

“என்னாப்பா இது? நான் இங்க ஒருத்தன் இருக்கேன்ல?”

“இருக்கடா. அங்கதான இருக்க.”

கடையில் யாரோ விஜிதரனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. “கெடைக்கட்டும், அப்பறம் பாப்போம்,” என்று வைத்துவிட்டான். கிடைக்காது என்று அவன் நினைத்தான். வினோதாவிடமும் அப்படித்தான் சொன்னான்.

ஜூன் 27 அன்று இல்லத்தின் ஆண்கள் பகுதியில் ஒரு கட்டில் காலியானது. ஜூலை முதலாம் திகதி கமிட்டி கூடியது. இருபத்திரண்டு விண்ணப்பங்களைப் பார்த்தது. அப்ரா எழுதிய ஐந்து வரியைத் தலைவர் வாசித்தார். வேறு விவாதம் நடக்கவில்லை. அழகனைத் தெரிவு செய்தார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு இல்லத்தின் எழுதுவினைஞர் ரிஸ்வியின் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். ஐம்பது வயதை நெருங்கிய சிங்களப் பெண். தமிழ் அவர் வேலை செய்த இடத்தில் கற்றுக்கொண்டது. தமிழ் ஆட்களிடம் தமிழிலேயே பேச வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருப்பவர். அவர் சொன்னது இது:

“அழகன் ஐயாவுக்குச் சொல்லுங்க. லிஸ்ட்ல இருந்து அவர் பேர் எடுத்தாச்சு. விருப்பம்னா பத்து நாளைக்குள்ள ஆபீசுக்கு வரணும்.”

சிங்களத்தில் ஒரு பெயரை எடுத்தோம் என்றால் பலருக்குள்ளிருந்து அந்த ஒருவரைத் தெரிவு செய்தோம் என்று பொருள்படும். அவர் சிங்களத்தில் யோசித்துத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் சரியான தமிழ்ச் சொல்.

ரிஸ்வியின் கடை வாசலில் அப்போது கோதுமை மா லொறி நின்றது. மழை வருமுன் மூட்டைகளை உள்ளே போட வேண்டியிருந்தது. அவர் “சரி, சரி, செல்லுறேன்” என்று வைத்துவிட்டார். லொறி போன பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு அந்த இலக்கத்துக்கு ஒரு தடவை எடுத்தார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம்.

பின்னேரம் அழகன் தடியை ஊன்றிக்கொண்டு வெற்றிலை வாங்க வந்தார்.

“அழகண்ணே, ஹோம்ல இருந்து கோல் வந்திச்சி.”

“என்னா சொல்றாங்க நானா?”

“லிஸ்ட்ல இருந்து ஒங்கட பேர எடுத்துட்டாங்களாம்.”

அழகன் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வெற்றிலையைத் துடைத்து முடித்து அடுத்ததை எடுத்தார்.

“சரி,” என்றார்.

“விருப்பம் எண்டா பத்து நாளைக்குள்ள ஆபீசுக்கு வரட்டாம். ஒரு எட்டுப் போய்க் கேட்டுப் பார்த்தா என்ன? ஏன் எடுத்தீங்கன்னு கேக்கலாம்தானே.”

“கேக்குறதுக்கு என்னா இருக்கு நானா. பேர எடுத்துட்டு ஆபீசுக்குக் கூப்புடுறது ஒப்பம் வைக்கத்தான்.”

அவர் இதை அனுபவத்தில் சொன்னார். 2011 இல் அவருக்கு அறுபது வயது முடிந்த வாரத்தில் வேலையாட்களின் பெயர்ப் பதிவேடான செக்ரோலை எழுதும் தோட்டத்து அலுவலகத்துக் கிளாக்கர் ஸ்டோர் வாசலுக்கு வந்து, “அழகன், செக்ரோல்ல இருந்து ஒம் பேர எடுத்தாச்சு, ஆபீசுக்கு வா” என்றார். அழகன் போனார். இன்னும் இரண்டு வருடம் செய்ய முடியும் என்று சொல்லிப் பார்த்தார். கிளாக்கர் அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு ஒப்பமிட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார்.

“நானுஓயா வரைக்கும் போய் ஒப்பம் வைக்க என்னால ஏலாது,” என்றார் அழகன். “வைக்காட்டிப் போகட்டும்.”

ரிஸ்வி ஒரு பாக்கை எடுத்து அவருடைய பொட்டலத்தில் சேர்த்துக் கட்டினார்.

வினோதாவிடம் அவர் அன்றே சொன்னார். அவள் உள்ளே போனாள். அடுப்பில் ஊதிவிட்டு வந்தாள்.

“நல்லதாப் போச்சு மாமா,” என்றாள். பிறகு, “நல்லதாப் போச்சுன்னு சொல்லக்கூடாதுதான்,” என்றாள். பிறகு, “என்னா எழவு காரணமாம்?” என்று கேட்டாள்.

“காரணம் சொல்லல.”

“ரெண்டு தடவை விழுந்த ஆளயே வேணாங்குறாங்கன்னா, அங்க எடம் புடிக்க எத்தன தடவை விழணுமாம்?”

அழகன் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வினோதா சந்தியிலிருந்து நீல நைலோன் கயிறு வாங்கி வந்தாள். லயத்தில் யாரோ வெட்டிப் போட்டிருந்த சவுக்குக் கம்புகளைப் படியோரம் ஐந்து அடிக்கு ஒன்றாக நட்டு, கக்கூஸ் கதவு வரைக்கும் கயிற்றைக் கட்டினாள். ராசம்மா மேலே நின்று வேடிக்கை பார்த்தார்.

“என்னாடி, மாமனாருக்கு ரோப்கார் கட்டுறியா?”

“வாயப் பொத்திக்கிட்டு அந்தக் கம்பப் புடிங்கக்கா.”

ராசம்மா இறங்கி வந்து கம்பைப் பிடித்தார். ஜூலை மழையில் மண் இளகியிருந்தது. ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, அழகன் படியில் சறுக்கினார். கயிற்றைப் பிடித்தார். கம்பு வேரோடு வருவதுபோல மண்ணிலிருந்து வந்தது. அவர் சேற்றில் உட்கார்ந்தார். அடி பெரிதாக இல்லை. அரை மணி நேரத்தில் தானாக எழுந்து, கம்பைத் திரும்ப நட்டுவிட்டு, சாரத்தைத் தோய்த்துக் காயப்போட்டார். வினோதாவிடம் சொல்லவில்லை. நைலோன் கயிற்றில் அவருடைய உள்ளங்கை உரிந்திருந்தது. அதை அவள் பார்த்தாள். அவளும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் அவர் பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். காலையில் வினோதா போகுமுன் ஒரு தடவை, மாலையில் அவள் வந்த பிறகு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் படியில் தனியாக இறங்க வேண்டியதில்லை. இது பெரும்பாலும் நடந்தது.

ஜூலை 12, வெள்ளிக்கிழமை. நாள் முழுவதும் தூறல். அழகன் இஸ்தோப்பில் உட்கார்ந்து இரவுக் கறிக்கு உருளைக்கிழங்கு சீவினார். ரேடியோவில் பற்றரி தீர்ந்திருந்தது. நாலு மணிக்கு இல்லத்தின் அலுவலகத்தில் எழுதுவினைஞர் பதிவேட்டைத் திறந்தார். பத்து நாளில் பதில் தராதவரின் விண்ணப்பம் இரத்தாகும் என்பது சங்கத்தின் விதி. அவர் இன்னொரு தடவை கடைக்கு எடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மூடிய கடையை ரிஸ்வி அன்று திரும்பத் திறந்திருக்கவில்லை. மனைவியின் ஊரில் ஒரு கல்யாணம். எழுதுவினைஞர் அழகன் என்ற பெயரின் மேல் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தார்.

இல்லம் ஒரு கடிதமும் அனுப்பியிருந்தது. ஜூலை 3 ஆம் திகதியிட்டது. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் லயத்துக்கு வருவதில்லை. அலுவலகத்துக்கு வந்து, ஒரு மரப்பெட்டியில் கிடந்து, யாருக்காவது ஞாபகம் வரும்போது பெரட்டில் கொடுக்கப்படும். ஜூலை 17 காலை கணக்கப்பிள்ளை வினோதாவின் பேரைக் கூப்பிட்டு அந்த உறையை நீட்டினார். கடிதம் சிங்களத்தில் இருந்தது. அவள் அதைப் பகல் முழுவதும் இடுப்பில் கட்டும் மழைப் படங்குக்குள் மடித்து வைத்திருந்து, வேலை முடிந்ததும் நேரே ரிஸ்வியின் கடைக்குப் போனாள்.

ரிஸ்வி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

“என்னா நானா எழுதியிருக்கு?”

“ஒங்கட மாமாவ எடுத்திருக்காங்க புள்ள.”

“அதான் எடுத்துட்டாங்கன்னு அன்னைக்கே சொன்னீங்களே.”

“அந்த எடுக்குறது இல்ல. இது வேற எடுக்குறது. கட்டில் குடுத்திருக்காங்க. பன்னெண்டாந் திகதிக்கு முந்தி வரச் செல்லி இரிக்கி.”

“இன்னைக்கு பதினேழு.”

“ஓ.”

கடையில் சீனி வாங்க நின்ற ஒருவர் “நானா, சீனி” என்றார். ரிஸ்வி சீனி நிறுத்துக் கொடுத்தார். வினோதா கடிதத்தை வாங்கித் திரும்ப மடித்தாள். வீட்டுக்குப் போய் அதை அழகனிடம் கொடுத்து, ரிஸ்வி சொன்னதை அப்படியே சொன்னாள். அழகன் கடிதத்தை விரித்து, தன்னால் வாசிக்க முடியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நானா கூட்டிட்டுப் போறேன்னாரு,” என்றாள் வினோதா. “போய்ட்டு வாங்க மாமா. என்னாத்தையாவது சொல்லிக் கேளுங்க. என்னையப் பத்தி வேணும்னாலும் சொல்லுங்க, நான் பாக்குறது இல்லேன்னு.”

“பொய் சொல்ல ஏலாது.”

“சொல்லுங்க மாமா. எனக்கு ஒண்ணும் இல்ல.”

மறுநாள் வியாழக்கிழமை ரிஸ்வி கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்தார். சந்தியிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நுவரெலியா பஸ். அழகனுக்கு முன் சீற் கிடைத்தது. பஸ் தலவாக்கலையைத் தாண்டியது. பிறகு ரிஸ்வி, லொறி வந்த நேரம் கோல் வந்தது என்றும், தான் சரியாகக் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அழகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “நீங்க அவங்க சொன்னதத்தான சொன்னீங்க,” என்றார்.

பதினொன்றேகாலுக்கு இல்லத்தின் அலுவலகத்தில் இருந்தார்கள். ரிஸ்வி சிங்களத்தில் தொடங்கினார். எழுதுவினைஞர் அழகனைக் காட்டி, “ஐயாவுக்கும் வெளங்கணும்தானே” என்று தமிழுக்கு மாறினார்.

“நான் கோல் பண்ணிச் சொன்னேன்தானே. பேர் எடுத்தாச்சுன்னு.”

“எடுத்தாச்சு எண்டா எங்களுக்கு வெட்டியாச்சு எண்டுதான் மிஸ் விளங்கும். அதுவும் லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு எண்டா வேற என்ன?”

“ஐயோ, வெட்டுறதுன்னா கட்தானே? அன்னைக்குக் கட் பண்ணலயே. அன்னைக்கு எடுத்தது.” அவர் பதிவேட்டைத் திறந்து சிவப்புக் கோட்டைக் காட்டினார். “இது பன்னெண்டாந் தேதி. இதுதான் கட்.”

“அப்ப கட்டில்?”

“பதினஞ்சாந் தேதி குடுத்தாச்சு. இறம்பொடைப் பக்கத்து ஐயா ஒருத்தர். லிஸ்ட்ல கமிட்டி அடுத்ததாக் குறிச்ச ஆள்.”

“இது ஒரு சொல்லால வந்த பிழை மிஸ். இவர்ட பிழையும் இல்ல, ஒங்கட பிழையும் இல்ல. கமிட்டிக்குச் செல்லிப் பாக்கலாம்தானே?”

எழுதுவினைஞர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தார். தலைவரிடம் போனில் பேசியிருந்தார். இரத்தான விண்ணப்பத்தை ஒரு வருடம் கழிந்த பிறகே புதிதாகத் தர முடியும் என்றார். விதி அப்படி என்றார். அவருடைய முகம் வாடியிருந்தது. தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

“வேணாம் மிஸ்,” என்றார் அழகன். அங்கு வந்த பிறகு அவர் பேசியது அப்போதுதான். “கக்கூஸு பாவிக்கலாமா?”

“தாராளமாப் போங்க.”

ஆண்கள் பகுதியின் வழியாகத்தான் போக வேண்டும். அழகன் தடியை அலுவலகக் கதவில் சாய்த்து வைத்துவிட்டுச் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பச்சைப் பெயிண்ட் சில இடங்களில் உரிந்து, பழைய பழுப்பு நிறம் தெரிந்தது. ஜன்னல் பக்கத்து ஐந்தாவது கட்டிலில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலுக்கடியில் இருந்த பையின் சிப் திறக்கப்படாமல் இருந்தது.

அழகன் உள்ளே இருபது நிமிடம் இருந்தார். ரிஸ்வி மணிக்கூட்டைப் பார்த்தார். எழுதுவினைஞரும் பார்த்தார். வரும்போது அழகனின் கைகள் ஈரமாக இருந்தன.

“தண்ணி நல்லா வருது நானா,” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தூங்கினார். ஹட்டனில் இறங்கும்போது ரிஸ்விதான் எழுப்பினார்.

வினோதா வாசலில் நின்றாள். அவர் இல்லை என்று தலையை அசைத்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த வாரம் அவள் காம்பராவின் பின்மூலையில் பழைய சேலை ஒன்றைக் குறுக்காகக் கட்டி, மூடியுள்ள வாளி ஒன்றை உள்ளே வைத்தாள். மாலையில் அவள் அதைக் கீழே கொண்டுபோய்க் கழுவினாள். முதல் சில நாள் அழகன் அதைப் பாவிக்கவில்லை. பிறகு பாவித்தார்.

ரிஸ்வி அப்ராவுக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னார். அப்ரா இல்லத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். செப்டெம்பரில் பதில் வந்தது, தமிழிலும் சிங்களத்திலும். விதியை மாற்ற முடியாமைக்கு வருந்துவதாகவும், தொலைபேசியில் இனி ‘தெரிவு செய்யப்பட்டுள்ளார்’ என்ற சொல்லைப் பயன்படுத்துமாறு அலுவலகத்துக்கு அறிவுறுத்தியுள்ளதாகவும் அதில் இருந்தது.

தீபாவளிக்கு விஜிதரன் வந்தான். சேலைத் திரையைப் பார்த்தான். நாலு நாள் இருந்துவிட்டுப் போனான்.

ஒரு வருடத் தடை 2025 ஜூலை 12 உடன் முடிந்தது. ஜூலை 21, திங்கட்கிழமை, அழகன் மீண்டும் விண்ணப்பித்தார். அன்று ஆண்கள் பகுதியின் பன்னிரண்டு கட்டில்களிலும் ஆட்கள் இருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் அவருடைய பெயர் முப்பத்தொன்றாவதாகப் பதியப்பட்டது.